விடைத்தாள் கட்டிலிருந்து தொடங்குங்கள்: கணித, அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு சுயபயிற்சி வழிகாட்டி

பயிற்சி முகாம் என்றதும் பெரும்பாலான ஆசிரியர்களுக்கு நினைவுக்கு வருவது ஒரு கோப்பு, ஒரு சான்றிதழ், மதியத்துக்கு மேல் வரும் தூக்கம். வந்து பேசியவர் நன்றாகத்தான் பேசியிருப்பார். ஆனால் அவர் பேசியது இருபத்தோராம் நூற்றாண்டுத் திறன்கள், மறுநாள் காலை நீங்கள் நடத்தவேண்டியது மின்சுற்று. இரண்டையும் எப்படி ஒட்டவைப்பது என்று யோசிப்பதற்குள் மணி அடித்துவிடும், பிறகு வழக்கம்போல நடத்திவிட்டு வருவோம்.

அதனால் இங்கே வேறு இடத்திலிருந்து தொடங்கலாம். உங்கள் மேசையில் கிடக்கும் விடைத்தாள் கட்டு இருக்கிறதே, அதுதான் உங்கள் பயிற்சிக்கான பாடப்பொருள். கணிதத்திலும் அறிவியலிலும் பிள்ளைகள் செய்யும் தவறுகளில் பெரும்பகுதி கவனக்குறைவால் வருவதல்ல. அவர்களுக்குள் ஏதோ ஒரு விதி ஓடிக்கொண்டிருக்கிறது, அந்த விதிப்படி பார்த்தால் அவர்கள் எழுதியது சரி. அந்த விதி என்ன என்று கண்டுபிடிக்கப் பழகுவதைவிடப் பெரிய தொழில் வளர்ச்சி ஒரு ஆசிரியருக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஒரு பருவத்துக்கு ஒரே தலைப்பு

எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறேன் என்று கிளம்பினால் இரண்டே வாரத்தில் வேதாளம் பழையபடி முருங்கை மரம் ஏறிவிடும். ஒரு பருவத்துக்கு ஒரு தலைப்பு போதும். எந்தத் தலைப்பு என்றால், நீங்கள் நன்றாக நடத்தியதாக நினைத்தும் ஆண்டுதோறும் பிள்ளைகள் அதே இடத்தில் சறுக்குகிறார்களே, அது. கணிதத்தில் பின்னம், தசமம், குறை எண்கள், இயற்கணிதத்தின் முதல் சில வாரங்கள். அறிவியலில் மின்சுற்று, விசையும் இயக்கமும், ஒளிச்சேர்க்கை, வெப்பத்துக்கும் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாடு. உங்களுக்குப் பிடித்த தலைப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அது ஏற்கெனவே நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கும்.

தவறுகளைக் காரணப்படி அடுக்குவது

ஓர் எடுத்துக்காட்டை முழுசாகப் பார்த்துவிடுவோம். தலைப்பு தசம எண்கள். பாடம் தொடங்குவதற்கு முந்தைய நாள், ஒரு கால் தாளில் மூன்று கேள்விகள் கொடுங்கள். ஒவ்வொன்றிலும் பெரிய எண்ணை வட்டமிட வேண்டும், சமம் என்று நினைத்தால் சமம் என்று எழுதலாம், ஏன் என்று ஒரு வரி எழுதவேண்டும். மதிப்பெண் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

4.63, 4.8
0.3, 0.42
2.45, 2.4502

தாள்கள் வந்ததும் சிவப்புப் பேனாவை எடுக்காதீர்கள். சரி, தவறு என்று பிரிக்காமல், காரணத்தைப் பார்த்துப் பிரியுங்கள். ஒரு குவியலில் 4.63 பெரியது என்றவர்கள் சேர்வார்கள். 63 என்பது 8-ஐவிடப் பெரியது, முழு எண்ணில் நடந்தது இங்கேயும் நடக்கும் என்பது அவர்கள் கணக்கு. இது எல்லா ஆசிரியர்களுக்கும் தெரிந்த தவறுதான். இரண்டாவது குவியல்தான் சுவாரசியமானது. இவர்கள் முதல் கேள்வியில் 4.8 என்று சரியாக எழுதியிருப்பார்கள். அடுத்த கேள்வியில் 0.3 பெரியது என்று எழுதியிருப்பார்கள். காரணம்: நூறில் ஒரு பங்கு பத்தில் ஒரு பங்கைவிடச் சின்னது, ஆகவே நூறில் பங்குகளாகப் போகும் எண் சின்னதாகத்தான் இருக்கும். அதாவது புள்ளிக்குப் பின் இலக்கம் கூடக்கூட எண் சிறியது என்பது இவர்கள் விதி. மூன்றாவது குவியல் முதல் இரண்டையும் சரியாகப் போட்டுவிட்டு 2.45-ம் 2.4502-ம் சமம் என்று எழுதும். பணக்கணக்குப் பழக்கத்தில், இரண்டு இலக்கத்துக்குப் பிறகு வருவதை அவர்கள் எண்ணாகவே பார்ப்பதில்லை.

மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் கேய் ஸ்டேசியும் விக்கி ஸ்டெய்ன்லியும் இந்த வகைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து தொகுத்தவர்கள். அவர்கள் வேலையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளவேண்டியது ஒன்று உண்டு: தேர்வில் 4.63, 4.8 போன்ற இணைகளை மட்டுமே கேட்டால் இரண்டாவது குவியல் முழுமதிப்பெண் வாங்கிக்கொண்டு போய்விடும். தவறான விதி, சரியான விடை. ஆசிரியருக்கும் சந்தேகம் வராது, பிள்ளைக்கும் வராது, அடுத்த வகுப்புக்குப் போன பிறகுதான் வெடிக்கும். எனவே கேள்வி எழுதும்போது, இந்தத் தவறான விதியை வைத்துக்கொண்டிருப்பவர் என்ன விடை எழுதுவார் என்று ஒவ்வொரு விதிக்கும் போட்டுப் பாருங்கள். வேறு வேறு விதிகளுக்கு வேறு வேறு விடை வந்தால்தான் அது பயனுள்ள கேள்வி.

இந்த இடத்தில் நம்மில் பலர் செய்வது, இலக்கங்களைச் சமமாக்கப் பூச்சியம் சேர்த்து எழுது என்று சொல்லிக்கொடுப்பது. 4.8-ஐ 4.80 ஆக்கு, இப்போது 80, 63-ஐவிடப் பெரியது. விடை வந்துவிடும். ஆனால் பிள்ளை இன்னமும் முழு எண்ணைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது, தசமத்தை அல்ல. எண்கோட்டில் 4-க்கும் 5-க்கும் நடுவே இரண்டையும் குறிக்கச் சொல்லிப் பாருங்கள், யாருக்குப் புரிந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

எந்தக் குவியலிலும் சேராத தாள்கள் கொஞ்சம் மிஞ்சும். அந்தப் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேரை இடைவேளையில் கூப்பிட்டு, 'சரி, இதை எப்படிப் போட்டாய், சொல்லேன்' என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். திருத்தாதீர்கள், தலையாட்டாதீர்கள், முகத்தில்கூட விடையைக் காட்டாதீர்கள். இது சொல்வதற்கு எளிது, ஆசிரியர் தொழிலில் இருப்பவருக்கு இதைவிடக் கடினமான உடற்பயிற்சி கிடையாது. 1980களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கார்ப்பென்டர், எலிசபெத் ஃபென்னமா குழுவினர் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு நடத்திய பயிற்சி ஏறக்குறைய இதைத்தான் செய்தது. இப்படி நடத்துங்கள் என்று பாடத்திட்டம் எதுவும் அவர்கள் கொடுக்கவில்லை. கூட்டல், கழித்தல் கணக்குகளைக் குழந்தைகள் தாங்களாக எப்படியெல்லாம் தீர்க்கிறார்கள் என்பதைக் காட்டினார்கள், அதை வைத்து வகுப்பில் என்ன செய்வது என்பதை ஆசிரியர்களிடமே விட்டுவிட்டார்கள்.

இன்னொரு சின்னக் கேள்வி, எந்த வகுப்பிலும் போட்டுப் பார்க்கலாம்: 8 + 4 = □ + 5. கட்டத்தில் 12 என்றோ 17 என்றோ எழுதுகிறவர்கள் நீங்கள் எதிர்பார்ப்பதைவிட நிறைய இருப்பார்கள். சமக்குறி என்றால் 'இங்கே விடையை எழுது' என்று அவர்கள் புரிந்துவைத்திருக்கிறார்கள். அப்புறம் உங்கள் கரும்பலகையையும் ஒருமுறை பாருங்கள். 5 + 3 = 8 + 2 = 10 என்று ஓட்டமாக எழுதும் பழக்கம் நமக்கே உண்டு.

தெரிந்த பாடத்தையே மறுபடி படிப்பது

பட்டம் வாங்கிய பாடம்தானே, இதில் படிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். பாடம் தெரிந்திருப்பது ஒன்று, அதை ஒரு பிள்ளைக்குப் புரியும் வடிவத்தில் தெரிந்துவைத்திருப்பது வேறொன்று. கல்வி ஆய்வாளர் லீ ஷுல்மன் 1986-ல் இந்த இரண்டாவது வகை அறிவைத் தனியாகப் பிரித்துக் காட்டிய பிறகு, ஆசிரியர் கல்வி பற்றிய பேச்சே கொஞ்சம் மாறியது.

உங்களுக்கு நீங்களே ஒரு சோதனை வைத்துக்கொள்ளலாம். 1¾ ÷ ½. விடை 3½, தலைகீழாக்கிப் பெருக்கினால் வந்துவிடும். இப்போது இந்தக் கணக்குக்குப் பொருந்தும் ஒரு கதைக்கணக்கு சொல்லுங்கள். மேலே படிப்பதற்கு முன் உண்மையாகவே ஒன்றை எழுதிப் பாருங்கள்.

லிப்பிங் மா என்ற ஆய்வாளர் இதே கேள்வியை அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேரிடமும் சீன ஆசிரியர்கள் 72 பேரிடமும் கேட்டார், ஆய்வு 1999-ல் வெளிவந்தது. சீன ஆசிரியர்கள் எல்லோரும் சரியாகக் கணக்கிட்டார்கள், பெரும்பாலானோர் பொருத்தமான கதையும் சொன்னார்கள். அமெரிக்க ஆசிரியர்களில் பாதிக்கும் குறைவானவர்களே விடையைச் சரியாக முடித்தார்கள், பொருந்தும் கதை ஒன்றைச் சொன்னவர் ஒரே ஒருவர். மற்றவர்கள் சொன்ன கதைகள் பெரும்பாலும் இரண்டால் வகுப்பது பற்றியவை, அதாவது 1¾ மீட்டர் நாடாவை இரண்டு பேருக்குச் சமமாகக் கொடு என்பது மாதிரி. அது ÷ 2, ÷ ½ அல்ல. இதில் கவனிக்கவேண்டியது, அந்தச் சீன ஆசிரியர்கள் பள்ளி, கல்லூரியில் கழித்த ஆண்டுகள் அமெரிக்க ஆசிரியர்களைவிடக் குறைவு. அவர்கள் இதைக் கற்றது வேலைக்கு வந்த பிறகு, சக ஆசிரியர்களோடு உட்கார்ந்து பாடப்புத்தகத்தை வரிவரியாகப் படித்து.

சரி, பொருந்தும் கதை எது? 1¾ மீட்டர் நாடாவிலிருந்து அரை மீட்டர்த் துண்டுகள் எத்தனை வெட்டலாம்? மூன்று துண்டு முழுசாக வரும், கால் மீட்டர் மிஞ்சும். இங்கேதான் ஒரு சுறுசுறுப்பான மாணவி கையைத் தூக்கி, 'மிஞ்சியது கால் மீட்டர்தானே, விடை ஏன் மூன்றரை?' என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடிந்தால் உங்களுக்கு இந்தப் பாடம் நடத்துகிற அளவுக்குத் தெரியும் என்று அர்த்தம். மிஞ்சியது நீளத்தில் கால் மீட்டர், ஆனால் துண்டுக் கணக்கில் அது அரைத் துண்டு. விடையில் நாம் எண்ணுவது மீட்டரை அல்ல, துண்டுகளை. தலைகீழாக்கிப் பெருக்கு என்ற விதிக்கும் இதே நாடாவிலிருந்து காரணம் கிடைக்கும்: ஒரு மீட்டருக்கு இரண்டு துண்டு, ஆகவே 1¾ மீட்டருக்கு 1¾ × 2.

இதே மாதிரி உங்கள் தலைப்பில் நான்கைந்து 'ஏன்'களை எழுதி, பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பதில் எழுதிப் பாருங்கள். குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் ஏன் மிகை எண்? பூச்சியத்தால் ஏன் வகுக்கக்கூடாது? கொதிக்கும் நீரில் வரும் குமிழிக்குள் இருப்பது காற்றா, ஹைட்ரஜனா, நீராவியா? கோடைக்குக் காரணம் பூமி சூரியனுக்கு அருகில் போவது என்றால், ஜனவரி தொடக்கத்தில் 14.7 கோடி கிலோமீட்டருக்கு நெருங்கியும் ஜூலையில் 15.2 கோடி கிலோமீட்டருக்கு விலகியும் இருக்கும்போது வடகோளத்தில் ஏன் ஜூலையில் கோடை?

ஒளிச்சேர்க்கை எடுப்பவர்களுக்கு ஒரு பழைய பரிசோதனை மிகவும் உதவும். பதினேழாம் நூற்றாண்டு வேதியியலாளர் வான் ஹெல்மொன்ட் ஒரு வில்லோ மரக்கன்றை எடைபோட்ட மண்ணில் நட்டு, 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். மரத்தின் எடை எழுபது கிலோவுக்கும் மேல் கூடியிருந்தது, மண்ணில் குறைந்தது 60 கிராமுக்கும் கீழே. குறிப்புகள் அவர் இறந்த பிறகு 1648-ல் அச்சேறின. மரத்தின் எடை மண்ணிலிருந்து வரவில்லை என்று இவ்வளவு தெளிவாகக் காட்டிய அவரே, அப்படியானால் எல்லாம் தண்ணீரிலிருந்துதான் வந்தது என்று முடிவு கட்டிவிட்டார். காற்றிலிருக்கும் கார்பன் டைஆக்சைடு அவர் கணக்கில் வரவே இல்லை. இந்தக் கதையைப் பிள்ளைகளிடம் பாதியில் நிறுத்தி, எடை எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அதற்கு முன்னால் ஆசிரியர் அறையில் கேட்டுப் பாருங்கள், அங்கேயே இரண்டு கட்சி கிளம்பும்.

பரிசோதனையை முந்தைய நாளே செய்து பார்ப்பது

அறிவியல் ஆசிரியர்களுக்கு இது தனியாகச் சொல்லவேண்டிய விஷயம். ஒரு மின்கலம், தொடர் இணைப்பில் ஒரே மாதிரியான இரண்டு பல்புகள். சுற்றில் மூன்று இடங்களில், முதல் பல்புக்கு முன், இரண்டுக்கும் நடுவில், இரண்டாவது பல்புக்குப் பின், அம்மீட்டர் என்ன காட்டும் என்று பிள்ளைகளை முன்கூட்டியே எழுதச் சொன்னால், நிறையப் பேர் படிப்படியாகக் குறையும் அளவுகளை எழுதுவார்கள். பல்பு மின்னோட்டத்தைச் 'சாப்பிடுகிறது' என்பது அவர்கள் விதி. அந்த விதிப்படி முதல் பல்பு பிரகாசமாகவும் அடுத்தது மங்கலாகவும் எரியவேண்டும். உண்மையில் மூன்று இடத்திலும் ஒரே அளவுதான்.

செய்து காட்டினால் முடிந்தது என்று நினைக்கிறீர்களா? ஒரே அளவு என்று அச்சடித்து விற்கும் சின்ன பல்புகள் அப்படியே ஒரே மாதிரி இருப்பதில்லை. இணைத்ததும் ஒன்று கொஞ்சம் பிரகாசமாக எரியும். அது முதல் பல்பாக இருந்துவிட்டால் வகுப்பில் பாதிப்பேர் 'நான் அப்பவே சொன்னேனே' என்று பார்ப்பார்கள், உங்கள் பாடம் அவர்கள் தவறான விதிக்கே சாட்சி சொல்லிவிட்டுப் போகும். முந்தைய நாளே செய்து பார்த்தவருக்கு இது தெரிந்திருக்கும். கூடுமானவரை ஒத்த ஜோடியைப் பொறுக்கி எடுத்து வைத்திருப்பார். அல்லது வேண்டுமென்றே ஒத்துப்போகாத ஜோடியை எடுத்துக்கொண்டு போய், இரண்டு பல்புகளையும் இடம் மாற்றிப் போட்டுக் காட்டுவார். பிரகாசம் பல்போடு சேர்ந்து நகர்ந்தால் காரணம் பல்பு, இடம் அல்ல. இந்த ஐந்து நிமிட இடமாற்றம், விதியை நாலு தடவை எழுதவைப்பதைவிட நன்றாக வேலை செய்யும்.

செய்து காட்டுவதற்கு முன் கணிப்பை எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாயால் சொன்ன கணிப்பை எல்லோரும் பிறகு மாற்றிக்கொள்வார்கள்.

ஆய்வகம் இல்லாதவர்களுக்கும், அம்மீட்டர் பழுதான பள்ளிகளுக்கும், பரிசோதனையைக் கணினித் திரையிலேயே செய்து பார்க்கவைக்கும் ஃபெட் (PhET) உருவகப்படுத்தல்கள் உண்டு. கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் தொடங்கியது, இலவசம். கணிதத்துக்கு, வடிவங்களைத் திரையில் வரைந்து இழுத்துப் பார்க்க உதவும் ஜியோஜீப்ரா (GeoGebra) மென்பொருள். இரண்டிலும் ஒரே எச்சரிக்கைதான்: திரையில் அழகாக நகர்வதைப் பார்த்து ரசிப்பது கற்றல் ஆகாது. முக்கோணத்தின் முனையை இழுக்கும்போது எது மாறுகிறது, எது மாறாமல் இருக்கிறது என்ற கேள்வி கையில் இருந்தால் மட்டும் திறந்து வையுங்கள்.

ஒரு சக ஆசிரியரைப் பிடிப்பது

தனியாக இவ்வளவு தூரம் வரலாம். இதற்கு மேல் போக இன்னொரு ஜோடிக் கண் வேண்டும். ஜப்பானில் பாட ஆய்வு என்று ஒரு வழக்கம் நூறாண்டுக்கும் மேலாக இருக்கிறது. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தை நுணுக்கமாகத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பில் நின்று கவனிப்பார்கள், பிறகு உட்கார்ந்து பேசுவார்கள். 1995-ல் நடந்த பன்னாட்டுக் கணித, அறிவியல் ஆய்வின் ஒரு பகுதியாக ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா மூன்று நாட்டு வகுப்பறைகளை வீடியோ எடுத்து ஒப்பிட்ட பிறகுதான் வெளியுலகம் இந்த வழக்கத்தைப் பெரிதாகக் கவனிக்கத் தொடங்கியது.

முழு அளவில் செய்ய ஆள் கிடைக்காது. இரண்டு பேர் போதும், ஒரே பாடமாகக்கூட இருக்கவேண்டியதில்லை. கணித ஆசிரியர் இயற்பியல் வகுப்பில் உட்கார்ந்தால், வரைபடம் வரையும் இடத்தில் பிள்ளைகள் எங்கே தடுக்குகிறார்கள் என்று இயற்பியல் ஆசிரியருக்கு முன்பே அவர் பார்த்துவிடுவார்.

சில விஷயங்களில் மட்டும் கண்டிப்பாக இருங்கள், இல்லாவிட்டால் இது பள்ளி ஆய்வு அதிகாரியின் வருகை மாதிரி ஆகி நட்பும் போய்விடும். கவனிக்க வருபவர் ஆசிரியரைப் பார்க்கக்கூடாது, பிள்ளைகளைப் பார்க்கவேண்டும். கடைசி பெஞ்சில் உட்காராமல், மூன்று நான்கு பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நின்று, அவர்கள் நோட்டில் என்ன எழுதுகிறார்கள், எங்கே அழிக்கிறார்கள், பக்கத்தில் இருப்பவனிடம் என்ன கேட்கிறார்கள் என்று மட்டும் குறிக்கவேண்டும். உதவி செய்யக்கூடாது, கை துறுதுறுக்கும்தான். முடிந்த பிறகு நடத்தியவர்தான் முதலில் பேசவேண்டும். கவனித்தவர் 'நன்றாக இருந்தது', 'கொஞ்சம் வேகம்' என்றெல்லாம் சொல்லாமல், கண்டதை அப்படியே சொன்னால் போதும்: 'மூன்றாவது வரிசைப் பையன் முதலில் மூன்றேகால் என்று எழுதினான், நீங்கள் துண்டு என்று சொன்ன பிறகு அழித்துவிட்டு மூன்றரை ஆக்கினான்.' இந்த ஒரு வாக்கியத்தில் அடுத்த ஆண்டுக்கான பாடத்திட்டமே இருக்கிறது.

அங்கிருந்தே எடுத்துக்கொள்ளவேண்டிய இன்னொரு பழக்கம் கரும்பலகை. ஜப்பானிய ஆசிரியர்கள் பாடம் முடியும்போது பலகை எப்படி இருக்கவேண்டும் என்று முன்கூட்டியே திட்டமிட்டு, கூடுமானவரை அழிக்காமல் எழுதுகிறார்கள். கேள்வி, பிள்ளைகள் சொன்ன வழிகள், வந்த முடிவு எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். வகுப்பு முடிந்ததும் பலகையைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துவையுங்கள். ஒரு மாதப் படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்தால் உங்கள் வகுப்பைப் பற்றி உங்களுக்கே சில விஷயங்கள் தெரியவரும்.

வகுப்புக்குள் இரண்டு பழக்கம்

ஒன்று, காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை அளந்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை 3 நொடி, அதற்கு மேல் என்று நீட்டியபோது விடைகள் நீளமாயின, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். விடை வந்த பிறகும் அதே 3 நொடி காக்கவேண்டும், இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். 'சரி' என்று உடனே சொல்லிவிட்டால் யோசித்துக்கொண்டிருந்த மற்ற தலைகள் அணைந்துவிடும். உங்கள் அளவு என்ன என்று தெரிய, கைபேசியில் ஒரு பாடவேளையின் ஒலியை மட்டும் பதிந்து கேட்டுப் பாருங்கள். பள்ளியில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டதும் அழித்துவிடுங்கள். முதல் தடவை கேட்பது கொஞ்சம் வேதனைதான்.

இரண்டு, பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்கவிடுவது. ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர், கடினமான கணக்குகளைப் போடும் தன் மாணவர்களே விசை பற்றிய எளிய கருத்துக் கேள்விகளில் தடுமாறுவதைக் கண்டு, 1991 வாக்கில் இந்த முறைக்கு மாறினார். பலவுள் தெரிவுக் கேள்வி ஒன்று, தனியாக யோசித்து விரல்களால் விடை காட்டுதல், சரியானவர்கள் ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால் பக்கத்தில் இருப்பவரை ஒப்புக்கொள்ளவைக்க இரண்டு நிமிடம், மறுபடி விடை காட்டுதல். அதற்கும் கீழே இருந்தால் விவாதிக்க ஒன்றும் இருக்காது, நீங்கள்தான் மறுபடி விளக்கவேண்டும். மேலே இருந்தால் அடுத்ததற்குப் போங்கள். விரல்களை நெஞ்சோடு ஒட்டிக் காட்டச் சொன்னால் பின்னால் இருப்பவர் பார்த்து மாற்ற மாட்டார். தெரிவுகள் எங்கிருந்து கிடைக்கும் என்று கேட்காதீர்கள், மேலே பிரித்த குவியல்கள் ஒவ்வொன்றும் ஒரு தெரிவு.

மாறியதா என்று பார்ப்பது

பாடம் முடிந்த அன்றே சோதித்தால் எல்லோரும் சரியாக எழுதுவார்கள், அதை நம்பாதீர்கள். ஒரு மாதம் கழித்து, வேறு பாடம் நடந்துகொண்டிருக்கும்போது, அதே விதிகளைப் பிரித்துக் காட்டும் வேறு எண்களைக் கொடுங்கள். குவியல்களை மறுபடி பிரியுங்கள். இரண்டாவது குவியல் அப்படியே இருக்கிறது, முதல் குவியல் மட்டும் கரைந்திருக்கிறது என்றால், எந்த விளக்கம் யாருக்குப் போய்ச்சேரவில்லை என்று தெரிந்துவிட்டது. இதையெல்லாம் ஒரே ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: கேட்ட கேள்விகள், வந்த விதிகள், செய்து பார்த்தது, வேலை செய்யாதது. அதற்கு மேல் எழுத ஆரம்பித்தால் அடுத்த ஆண்டு நீங்களே படிக்க மாட்டீர்கள்.

முகாமுக்குப் போகும்போதும், தலைமையாசிரியரிடம் கேட்கும்போதும்

முகாம்களை ஒரேயடியாக ஒதுக்கச் சொல்லவில்லை. பாடப்பொருளை மையமாக வைத்தது, பங்கேற்பவர்கள் கையால் செய்து பார்ப்பது, பள்ளியில் நடப்பதோடு ஒத்துப்போவது, பல மாதங்களுக்கு நீள்வது, ஒரே பள்ளியிலிருந்து சிலர் சேர்ந்து போவது என்று நல்ல பயிற்சிக்கு ஐந்து அடையாளங்களை கல்வி ஆய்வாளர் லாரா டெசிமோன் 2009-ல் தொகுத்துச் சொன்னார். இந்த ஐந்தில் பெரும்பாலானவை இருந்தும் மாணவர்களின் மதிப்பெண் நகராத ஆய்வுகளும் உண்டு, ஆகவே இதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளவேண்டாம், வடிகட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பு வந்ததும் நிகழ்ச்சி நிரலில் ஏதாவது ஒரு குறிப்பிட்ட தலைப்பின் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள், பின்னம், மின்சுற்று, அமிலமும் காரமும், ஏதோ ஒன்று. வெறும் 'புதுமையான கற்பித்தல் முறைகள்' என்றிருந்தால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு, கையில் உங்கள் விடைத்தாள் குவியல்களின் படத்தோடு போங்கள். தேநீர் இடைவேளையில் வேறு பள்ளிக்காரரிடம் அதைக் காட்டி, உங்கள் பிள்ளைகளும் இப்படி எழுதுகிறார்களா என்று கேட்டால், அன்றைய நாளின் உருப்படியான பதினைந்து நிமிடம் அதுவாகத்தான் இருக்கும்.

தலைமையாசிரியரிடம் நிதி, கருவி, புரொஜெக்டர் என்று பட்டியல் நீட்டவேண்டாம். உங்களுக்கும் அந்தச் சக ஆசிரியருக்கும் வாரத்தில் ஒரு பாடவேளை ஒரே நேரத்தில் ஓய்வாக இருக்கவேண்டும், அந்த நேரத்தில் இருவரையும் மாற்று வகுப்புக்கு அனுப்பக்கூடாது, அது மட்டும். இதை ஆண்டின் நடுவில் கேட்டால் முடியாது என்றுதான் பதில் வரும், கால அட்டவணை ஏற்கெனவே பூட்டப்பட்டிருக்கும். விடுமுறை முடிவதற்குள், அட்டவணை போடுகிற ஆசிரியர் யார் என்று பார்த்து முதலில் அவரிடம் பேசுங்கள், அவர் ஒப்புக்கொண்ட பிறகு தலைமையாசிரியரிடம் போங்கள்.